மையத்துக்கு வேர்க்காது!

வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகம். மாடியில், அம்ரீனின் மேஜை மேல் கைப்பேசி அலறியது.

எடுத்தாள்.

"அம்ரீன்! எங்க இருக்கே?"

சிதம்பரத்திலிருந்து பக்கத்து வீட்டு ரஃபியுதீன். குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவன். குரல் உடைந்திருந்தது.

"ஆபீஸ்ல, மச்சான். என்னாச்சு? அம்மா எங்கயாவது வெளிய கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பியிருந்தாத்தான் தேவலையே! உன் அக்கா போயிட்டாம்மா... ஷஹனாஸ் மௌத்தாயிட்டா!"

பேனா உருண்டு தரையில் விழுந்தது.

"அல்லாஹ்வே! காலையில பேசுனாங்களே! கல்யாண பிரியாணி ஒத்துக்கல, வாந்தி, நீ பாட்டுக்கு வேலைக்குப் போன்னு..."

"அதே வாந்திதான். பன்னெண்டே முக்காலுக்கு விழுந்தவ எந்திரிக்கல. எங்க ஹாமித் அண்ணன் நாடி பார்த்துட்டு முடிஞ்சுதுன்னுட்டாரு. நாலு மணிக்கு அடக்கம். அங்க குழி வெட்டிகிட்டிருக்காங்க. இங்க உங்கம்மா..."

"அம்மா?"

"எங்க வீட்டு ரூமுக்குள்ள மையத்தை வச்சு கதவைத் தாழ் போட்டுகிச்சு! 'இவ சாகல, கொடுக்க மாட்டேன்'னு கத்துது! நீ உடனே வா!"

தொடர்பு அறுந்தது.

அம்ரீன் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

அவள் அம்மா சைனம்புவுக்கு அறுபத்தொன்பது வயது. முப்பது வருடங்களாக அந்தத் தெருவில் கண்மூடிய பெண்களையெல்லாம் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, கண்ணியமாக அனுப்பிவைத்தவள். யாரிடமும் ஒரு டம்ளர் டீக்கு மேல் வாங்கியதில்லை.

இரண்டு வருடங்களாக அல்சைமர். முதலில் சாவியை மறந்தாள். பிறகு சாப்பிட்டதை. பிறகு மகளுக்கு முப்பத்திரண்டு வயது என்பதை.

பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு ரஃபியுதீனின் மனைவி ஷஹனாஸ்தான். சொந்தமில்லை. பந்தமில்லை. சோறு ஊட்டுவாள், தலை வாருவாள், ஒரே கேள்விக்கு முப்பது தடவை சிரித்தபடி பதில் சொல்வாள்.

அந்த ஷஹனாஸ்தான் இன்று மையத்து... உயிர் போன உடல்!

"ஏறும்மா!"

வாசலில் ஒரு பழைய கார். ஸ்டியரிங்கில், அவள் போனில் பேசியதைக் கேட்டிருந்த தலைமை எழுத்தர் தட்சிணாமூர்த்தி. ஓய்வுக்கு ஏழே மாதம்.

"சார்... உங்களுக்கு எதுக்கு..."

"பஸ்சுக்கு நின்னா அஞ்சு மணி ஆயிடும். பேசாம ஏறு."

கெடிலம் பாலத்தில் நெரிசல். அம்ரீன் அம்மாவை அழைத்தாள். சைனம்புவின் கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன பட்டன் போன் தொங்கும். கூடவே பெயர், முகவரி எழுதிய அட்டை.

மணி அடித்தது... அடித்தது...

"யாரு?"

"நான்தாம்மா, அம்ரீன்."

"அம்ரீனா? பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

"விட்டாச்சும்மா. என்ன பண்றீங்க?"

"குளிப்பாட்டுறேன்டி. யாரு பெத்த புள்ளையோ... சின்ன வயசு. ஆனா ஒண்ணுடி..."

"என்னாம்மா?"

"இவளுக்கு வேர்க்குது."



போனில், அம்மாவுக்குப் பின்னால் கதவு தடதடத்தது. ஹாமித்தின் குரல் கேட்டது. ஓய்வு பெற்ற கம்பவுண்டர். அந்தத் தெருவுக்கே டாக்டர் மாதிரி.

"அம்ரீன், கேக்குதா? உங்கம்மாளுக்குச் சொல்லு! நெத்தியில வேர்வையோட போறது நல்லவங்க மௌத்துக்கு அடையாளம்! நாங்க எல்லாரும் பாத்தோம். பாத்து சுப்ஹானல்லாஹ்ன்னு சந்தோஷப்பட்டோம். இதைப் போயி..."

"டேய் ஹாமித்து!" உள்ளிருந்து சைனம்பு சீறினாள். "எனக்கே பாடம் சொல்றியா? அது உசிரு பிரியற நேரத்து வேர்வை. ஒருதரம் துடைச்சா தீந்துச்சு. இவளுக்குத் துடைக்கத் துடைக்கப் பொடிச்சுகிட்டு வருதுடா. மையத்துக்கு வேர்க்காது!"

அம்ரீன் போனை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"சார்... போன வாரம், செத்துப்போன எங்க அத்தா வாசல்ல நிக்கிறாருன்னு தட்டுல சோறு போட்டுகிட்டு நின்னவங்க சார் எங்கம்மா. இப்ப இவுங்க பேச்சை எப்படி நம்பறது?"

தட்சிணாமூர்த்தி ஹார்ன் அடித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பாவுக்கும் ஏழு வருஷம் இதே சீக்கு. நேத்தைய மறந்தாரு, என்னைய மறந்தாரு. ஆனா சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா கரெக்டா சொல்லிடுவாரு. உங்கம்மா கைக்கு முப்பது வருஷ சர்வீசும்மா. எதுக்கும் இன்னொரு கேள்வி கேளு."

அம்ரீன் போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா, அந்தப் புள்ள உடம்புல வேற எதாச்சும் இருக்கா?"

"முதுகுல பிளாஸ்திரி இருந்துச்சுடி. வட்டமா, தோல் கலர்ல. நாலு! எல்லாத்தையும் உரிச்சு முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். உடம்புல ஒண்ணு ஒட்டிகிட்டிருந்தா அந்த எடத்துல தண்ணி படாது, குளிப்பு சேராது."

"வட்டமாவா?"

"ஆமாடி. அதே மாதிரி ஒண்ணு என் தோள்லயும் ஒட்டியிருக்கு. அரிக்குது."

அம்ரீன் சட்டென்று நிமிர்ந்தாள்.

அது வலி பிளாஸ்திரி இல்லை. அம்மாவின் மறதிக்கு டாக்டர் எழுதித் தந்த மருந்து! தோல் வழியாக இறங்குவது. தினமும் காலையில் பழையதை உரித்துவிட்டு, புதிதாக ஒன்று. ஒன்றே ஒன்று!

டாக்டர் ராபர்ட் விரலை ஆட்டி எச்சரித்தது நினைவுக்கு வந்தது. 'மறந்துகூட ரெண்டு ஒட்டிடாதம்மா. வாந்தி வரும். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். நாடி இறங்கிகிட்டே போவும்...'

வாந்தி. வியர்வை. நாடி!

"சார்! ஷஹனாஸ் அக்கா சாகல!"

"என்னது?"

"யாரோ எங்கம்மா மருந்தைத் திருடி நாலு ஒட்டியிருக்காங்க. உசிரோட புதைக்கப் போறாங்க சார்!"

தட்சிணாமூர்த்தி ஒரு கையால் தன் கைப்பேசியை நீட்டினார்.

"நூத்தியெட்டுக்கு அடி! அப்புறம் போலீசுக்கு!"

அடித்தாள். இரண்டுக்கும் அடித்தாள். பிறகு ரஃபியுதீனுக்கு.

"மச்சான், ஆம்புலன்ஸ் வருது. அதுவரைக்கும் அக்காவை எடுக்காதீங்க!"

"உனக்கும் புத்தி பெசகிப் போச்சா?" ரஃபியுதீன் கத்தினான். "ஹாமித் அண்ணனைவிட உங்கம்மாளுக்கு ஜாஸ்தி தெரியுமா? நாளைக்குக் காலையில எனக்கு ஃப்ளைட்டு. இன்னிக்கே எல்லாத்தையும் முடிச்சாகணும்... அண்ணே, கடப்பாரை எடுங்க!"

தொடர்பு அறுந்தது.

தட்சிணாமூர்த்தி புருவத்தை உயர்த்தினார். "பொண்டாட்டி செத்த அன்னிக்கு ஃப்ளைட்டு ஞாபகம் வர்ற ஆளா? ம்..."

அம்ரீன் மீண்டும் அம்மாவை அழைத்தாள்.

"அம்மா! தாழை எடுக்காதீங்க!"

"எந்தத் தாழை?"

"கதவுத் தாழைம்மா. யாரு சொன்னாலும் திறக்காதீங்க!"

"சரிடி."

அரை நிமிடம்.

"அம்மா, திறக்கலையே?"

"எதைடி? நீ யாரு பேசறது?"

அம்ரீன் உதட்டைக் கடித்தாள். அரை நிமிடம்கூட நிற்காத நினைவு! சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மறந்துவிடுவாள். மறந்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் கஃபன். கஃபனுக்குப் பிறகு... மண்!

"தாழைத் தொடாதீங்கம்மா... தொடாதீங்கம்மா... தொடா..."

கீங்ங்...

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு திருப்பத்தில் சிக்னல் செத்தது.

"சார்ர்ர்!"

"கடவுளை நினைச்சுக்கோம்மா. என்னால ஆக்சிலேட்டரைத்தான் மிதிக்க முடியும்."

அம்ரீன் கண்களை மூடி துஆ கேட்டாள்.

அதே நேரத்தில், அந்த அறைக்குள்...

சைனம்பு போனைப் பார்த்தாள். அது ஏன் கழுத்தில் தொங்குகிறது என்று தெரியவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்றும் தெரியவில்லை.

கதவு இடிபட்டது. கடப்பாரை கதவு நிலையில் ஏறியது.

"திற, மாமி! மரியாதையா திற!"

அவள் எழுந்தாள். கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். கை தாழை நோக்கி நீண்டது...

கண் குளிப்பாட்டும் பலகையின் மேல் பட்டது.

ஒரு பெண். மேலே மூடிய துணி. பக்கத்தில் வெந்நீர்.

'அடடா... இன்னும் குளிப்பாட்டலையே!'

கை கீழே இறங்கியது. மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். துணி விலகாமல், மெல்ல, குழந்தையைத் தொடுவதுபோல.

"யாருடா அது கதவை இடிக்கிறது? குளிப்பாட்டி முடியாம நான் எந்தக் காலத்துலடா திறந்திருக்கேன்?"

முடித்தாள். முகத்தைத் துணியால் ஒற்றினாள். நெற்றியில் மறுபடி முத்து முத்தாக...

'என்னாது இது? இவளுக்கு வேர்க்குதே!'

யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருக்கும்போது மறந்தாள். திரும்பினாள். பலகையைப் பார்த்தாள்.

'அடடா... இன்னும் குளிப்பாட்டலையே!'

மீண்டும் வலப்பக்கத்திலிருந்து!

மூன்றாவது தடவை... நான்காவது தடவை...

எந்த மறதிக்காக அந்தத் தெரு அவளைப் பார்த்துச் சிரித்ததோ, அதே மறதியை இறைவன் அன்று கதவுக்குத் தாழாகப் போட்டிருந்தான்.

க்ரீச்ச்...

மேல் கீல் பெயர்ந்தது!

"இன்னும் ஒரு நெம்பு!" ஹாமித் மூச்சு வாங்கினார்.

ஊஊஊவ்வ்வ்...

ஆம்புலன்ஸ்! பின்னால் போலீஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் இசைவாணி குதித்து இறங்கினாள். இறங்கிய வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடப்பாரையைக் கீழ போடு!"

"மேடம், உள்ள பொம்பளை மையத்து. ஆம்பளைங்க யாரும்..."

"போக மாட்டாங்க. நானும் இந்த நர்சும் மட்டும்தான். உங்க மொறை எதுவும் கெடாது."

கதவருகே போனாள். தட்டவில்லை. மெல்லக் கூப்பிட்டாள்.

"அம்மா..."

"யாரு?"

"நான் இசைவாணிம்மா."

"பொம்பளைதானே? ஒத்தாசைக்கு வந்தியா?"



"ஒத்தாசைக்குத்தாம்மா வந்தேன். தனியா எவ்ளோ நேரம்தான் பண்ணுவீங்க?"

"அதானே! வா, வா. வந்து வலப்பக்கம் பிடி."

கடப்பாரைக்குத் திறக்காத கதவு ஒரு நல்ல வார்த்தைக்குத் திறந்தது.

நர்ஸ் உள்ளே பாய்ந்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். ஒரு விநாடி... பத்து விநாடி... அரை நிமிடம்...

"மேடம்! துடிப்பு இருக்கு! நிமிஷத்துக்கு இருபத்தெட்டு! ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!"

வாசலில் நின்ற கூட்டம் உறைந்தது.

ரஃபியுதீன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

*

மாலை ஐந்தே முக்கால். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனை.

டாக்டர் ராபர்ட் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்தார். அம்ரீன் ஓடினாள்.

"பொழைச்சுட்டாங்கம்மா. மாத்து மருந்து ஏத்தியிருக்கேன். நாடி அறுபதுக்கு வந்திருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்! ரொம்ப நன்றி டாக்டர்!"

"எனக்கு நன்றி சொல்லாதே. நாலையும் உரிச்சு, அந்த எடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டாங்களே, அதுலயே பாதி வைத்தியம் முடிஞ்சுது. அந்த நர்ஸ் யாரு?"

அம்ரீன் நடைபாதையின் கோடியைக் காட்டினாள். பெஞ்சில் சைனம்பு. தட்சிணாமூர்த்தி வாங்கித் தந்த டீயை ஊதிக்கொண்டிருந்தாள். அவரிடம் ஒன்பதாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திருப்பாதிரிப்புலியூரும்மா," என்றார் அவர், முதல் தடவை சொல்வது போலவே.

இன்னொரு கோடியில் இசைவாணி ரஃபியுதீனின் சட்டையைப் பிடித்திருந்தாள். ஹாமித் தலை குனிந்து நின்றார்.

"எங்க நாடி பார்த்தீங்க?" ஹாமித்திடம் கேட்டாள்.

"மணிக்கட்டுலம்மா. எதுவும் தெரியல. அவசரப்பட்டுட்டேன்..."

"நாப்பது வருஷம் மருந்து கலக்கின கை. ஒரு டாக்டரைக் கூப்பிடத் தோணலியா? அப்புறம் உங்ககிட்ட வர்றேன்." திரும்பினாள். "இப்ப நீ சொல்லு. எதுக்கு அவ்ளோ அவசரம்?"

"எங்க மொறையே அதான் மேடம்... சீக்கிரமா அடக்கம் பண்றது..."

"ஃப்ளைட்டுக்கும் சேர்த்தா?"

"லீவு முடியுது. போகலைன்னா வேலை போயிடும். அந்த நேரத்துல என்ன பேசினேன்னு எனக்கே தெரியல."

"நேத்து சாயந்திரம் பேசினதாவது தெரியுமா? 'அந்த மறதி கேசைப் பாத்துப் பாத்தே ஒருநாள் நீ செத்துப் போவே'ன்னு பொண்டாட்டிகிட்ட கத்தியிருக்கே. தெருவே கேட்டிருக்கு!"



இசைவாணி ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கிழிந்த நான்கு உறைகள்.

"இந்த மருந்தோட உறை. உன் வீட்டுக் குப்பைக் கூடையில கிடந்துச்சு. அம்ரீன்! டப்பாவுல எத்தனை இருக்கணும்?"

"இருபத்துமூணு. பதினெட்டுதான் இருக்கு மேடம்."

"அஞ்சு குறையுது. உடம்புல நாலு. அஞ்சாவது எங்கடா? அதை யாருக்கு எடுத்து வச்சிருக்கே?"

"சத்தியமா எனக்குத் தெரியாது! நான் அவுங்க வீட்டு வாசப்படியே மிதிச்சதில்ல. அம்ரீன், நீயாவது சொல்லும்மா!"

அம்ரீன் அவனை வெறித்தாள்.

"எங்கம்மாவை ஊரே பைத்தியம்னு சொல்லும். பழியைத் தூக்கி அவுங்க மேல போட்டுடலாம்னு நினைச்சீங்களா, மச்சான்?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"பேஷண்ட் கண்ணு முழிச்சுட்டாங்க!" நர்ஸ் கூப்பிட்டாள்.

எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.

ஷஹனாஸ் வெளுத்துக் கிடந்தாள். கண்கள் மட்டும் மெல்ல அசைந்தன.

இசைவாணி குனிந்தாள்.

"பயப்படாம சொல்லுங்க. உங்க முதுகுல பிளாஸ்திரி ஒட்டுனது யாரு?"

ஷஹனாஸின் பார்வை கணவன் மேல் போய் நின்றது.

இப்போது ரஃபியுதீனின் நெற்றியில் வியர்த்தது!

"பிளாஸ்திரியா?" ஷஹனாஸ் முனகினாள். "அது... சைனம்பு மாமி..."



"என்னாக்கா சொல்றீங்க?" அம்ரீன் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மதியம் முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். மாமி போயி ஒரு பிளாஸ்திரி எடுத்தாந்து ஒட்டுனாங்க. 'எம் பொண்ணு எனக்கு ஒட்டுவா, இதம்மா இருக்கும்'னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாங்க... 'உனக்கு முதுகு வலியாமே'ன்னு மறுபடி ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. நாலு வாட்டியும் புதுசா வந்தாங்க..."

"நீங்க ஏங்க வேணாம்னு சொல்லல?" இசைவாணி கேட்டாள்.

"எப்படி மேடம் சொல்றது? ஒரு நாளு பூரா எல்லாரும் அவுங்களுக்குத்தான் செய்யறாங்க. அவுங்க ஒருத்தருக்குச் செய்யறதுன்னா எவ்ளோ சந்தோஷம் தெரியுமா அந்த மூஞ்சியில! வலி பிளாஸ்திரின்னுதான் நினைச்சேன். என்னா ஆயிடப் போவுதுன்னு..."

அம்ரீன் சுவரில் சாய்ந்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மருந்து டப்பாவை அம்மாவின் கைக்கு எட்டும் அலமாரியில் பூட்டாமல் வைத்துவிட்டுப் போனது... அவள்தான்!

"என்னை மன்னிச்சுடுங்க, மச்சான்."

"நீயும் என்னை மன்னிச்சுடும்மா." ரஃபியுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உங்கம்மா தாழ் போடலைன்னா இந்நேரம் என் கையாலயே அவளை..."

வெளியே ஓடினான். பெஞ்சுக்குக் கீழே, சைனம்புவின் காலடியில் உட்கார்ந்தான்.

அவள் அவனைக் கனிவோடு பார்த்தாள்.

"யாரு தம்பி நீ? ஏன் அழுவுறே?"

"உங்க புள்ளைன்னு வச்சுக்குங்க, மாமி."

"அப்படியா? சாப்பிட்டியா?"

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

இசைவாணி நடைபாதைக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டு, பெஞ்சின் மறு முனையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னா மேடம், கேசை எப்படி முடிக்கப் போறீங்க?" தட்சிணாமூர்த்தி கேட்டார்.

"கொல்லப் பார்த்ததும் அவுங்க, காப்பாத்துனதும் அவுங்க. ரெண்டுமே அவுங்களுக்கு ஞாபகம் இல்ல. நான் எந்த செக்‌ஷனைத் தேடுவேன் சார்? மருந்து டப்பாவைப் பூட்டி வைக்கச் சொல்லிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனா ஒரு கணக்கு மட்டும் உதைக்குது... அந்த அஞ்சாவது பிளாஸ்திரி எங்க போச்சு?"

பெருமூச்சு விட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்ஸ்... ஜீப்புல உக்காந்து உக்காந்து முதுகே போச்சு!"

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

முந்தானையின் இன்னொரு முடிச்சு மெல்ல அவிழ்ந்தது.

சர்ரக்...

உறை கிழியும் சத்தம்!

"முதுகு வலியாம்மா?" சைனம்புவின் குரலில் தேன் வடிந்தது. "திரும்பி உக்காரு..."

எத்தனையோ ரவுடிகளை ஓட ஓட விரட்டிய இன்ஸ்பெக்டர் இசைவாணி, நடைபாதையின் மறு கோடிக்கு ஒரே தாவாகத் தாவினாள்.

"ஐயோ, வேணாம்மா! எனக்கு முதுகு வலி இல்ல... சொல்லப்போனா எனக்கு முதுகே இல்ல!"